ஆல்பெர்ட்டோ அஸ்காரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்முலா ஒன் பார்க்கும் நண்பர்களிடம் பழைய காலத்து ஓட்டுநர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அஸ்காரி பெயர் எப்படியும் வந்துவிடும். ஆனால் பாதிப் பேர் அவரை "அப்பா மாதிரியே அதே வயதில் செத்துப்போன ஆள்" என்று மட்டும்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இத்தாலியின் மோன்சா தடத்தில் பந்தயம் வரும் ஒவ்வொரு செப்டம்பரிலும் அதே சந்தேகங்கள் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலும் தந்திருக்கிறேன்.

அஸ்காரின்னா யாரு? எதுக்கு அவரைப் பத்தி இவ்வளவு பேசறாங்க?

ஆல்பெர்ட்டோ அஸ்காரி 1918 ஜூலை 13 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். 1952, 1953 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஃபெராரி காரில் உலகச் சாம்பியன் ஆனார். ஃபெராரிக்கு முதல் உலகப் பட்டத்தை வாங்கித் தந்தவர் இவர்தான். அதற்குப் பிறகு அந்த அணியில் எத்தனையோ பேர் சாம்பியன் ஆகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இத்தாலியர் இல்லை.

உலகச் சாம்பியன்ஷிப்பில் அவர் களமிறங்கிய கிராண்ட் பிரி பந்தயங்கள் 32. வென்றது 13. போல் பொசிஷன், அதாவது பந்தயத்தை முதல் இடத்திலிருந்து தொடங்கும் உரிமை, 14. ஐந்து பந்தயம் ஓடினால் இரண்டில் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். பல பந்தயங்களில் ஓடிய கிராண்ட் பிரி ஓட்டுநர்களில் இந்த விகிதத்தில் அவரை மிஞ்சியவர் அர்ஜென்டினாவின் ஹுவான் மானுவேல் ஃபான்ஜியோ ஒருவர்தான்.

அவங்க அப்பாவும் ரேஸ் ஓட்டினவரா?

ஆமாம், அதுவும் சாதாரண ஓட்டுநர் அல்ல. அந்தோனியோ அஸ்காரி 1920களில் ஆல்ஃபா ரோமியோ அணியின் முதன்மை ஓட்டுநர். மிலானில் ஆல்ஃபா கார் விற்பனையும் நடத்தினார். விட்டோரியோ யானோ வடிவமைத்த பி2 காரில் 1924 இத்தாலிய கிராண்ட் பிரியையும், 1925 பெல்ஜிய கிராண்ட் பிரியையும் வென்றார். அப்போது ஆல்ஃபாவில் அவருடன் இருந்த இளைஞர்களில் ஒருவர் என்சோ ஃபெராரி. அந்தோனியோவை என்சோ பெரிதாக மதித்தார்.

1925 ஜூலை 26 அன்று பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள மோன்லேரியில் பிரெஞ்சு கிராண்ட் பிரி. மழை பிடித்திருந்தது. அந்தோனியோதான் முன்னணியில் இருந்தார். இடது பக்க வளைவு ஒன்றில் காரின் சக்கரம் ஓரத்து மரவேலியில் மாட்டிக் கார் உருண்டது. அவர் உயிர் பிழைக்கவில்லை. ஆல்ஃபா அணி மீதிக் கார்களையும் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. வென்ற ரொபேர் பெனுவா தன் வெற்றி மாலையை விபத்து நடந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். ஆல்பெர்ட்டோவுக்கு ஏழு வயது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அப்படின்னா சின்ன வயசிலேயே கார் ஓட்ட ஆரம்பிச்சிட்டாரா?

இல்லை, முதலில் மோட்டார் சைக்கிள்தான். இளைஞனாக இருந்தபோது பைக் பந்தயங்களில் ஓடி, பியாங்கி நிறுவன அணியிலும் இடம்பிடித்தார். நான்கு சக்கரத்துக்கு வந்தது 1940இல், மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில்.

அன்று அவர் ஓட்டிய கார் சரித்திரத்தில் இடம்பிடித்த ஒன்று. ஆல்ஃபாவை விட்டு வெளியே வந்த என்சோ, நான்கு ஆண்டுகளுக்குத் தன் பெயரில் கார் விடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டிருந்தார். அதனால் 'ஆட்டோ அவியோ கொஸ்த்ருத்சியோனி 815' என்ற பெயரில் இரண்டே கார்கள் செய்தார். ஃபெராரி என்ற பெயர் இல்லாத முதல் ஃபெராரி என்று அதைச் சொல்லலாம். ஒன்றைப் பழைய நண்பரின் மகன் ஆல்பெர்ட்டோவிடம் கொடுத்தார். தன் பிரிவில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோதே இயந்திரக் கோளாறில் கார் நின்றுவிட்டது.

போர் நடந்த வருஷங்கள்ல என்ன பண்ணினார்?

இரண்டாம் உலகப் போரில் பந்தயங்கள் நின்றுபோயின. லூயிஜி வில்லோரேசி என்ற மூத்த ஓட்டுநருடன் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவில் இருந்த இத்தாலியப் படைக்கு எரிபொருள் கொண்டுபோகும் தொழிலை நடத்தினார். 1942இல் திருமணம் ஆனது. ஒரு மகன், ஒரு மகள். மகனுக்குத் தன் அப்பாவின் பெயரையே வைத்தார்.

போர் முடிந்தபின் பந்தயத்துக்குத் திரும்ப அவருக்குப் பெரிய விருப்பம் இருக்கவில்லை. விடாமல் வற்புறுத்தி இழுத்துவந்தவர் வில்லோரேசிதான். அஸ்காரியைவிட ஒன்பது வயது பெரியவர், அண்ணன் மாதிரி. இரண்டு பேரும் மாசராட்டியில் ஒன்றாக ஓட்டி, 1949இல் ஒன்றாகவே ஃபெராரிக்குப் போனார்கள். அந்த ஆண்டே அஸ்காரி சுவிஸ் கிராண்ட் பிரியையும் இத்தாலிய கிராண்ட் பிரியையும் வென்றார். உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியது 1950இல் என்பதால் இந்த வெற்றிகள் மேலே சொன்ன 13இல் சேராது.

1951லயே சாம்பியன் ஆகியிருக்க வேண்டியவர்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். அந்த ஆண்டு நூர்புர்க்ரிங்கில் ஜெர்மன் கிராண்ட் பிரியையும் மோன்சாவில் இத்தாலிய கிராண்ட் பிரியையும் ஜெயித்தார். அதுவரை அசைக்க முடியாமல் இருந்த ஆல்ஃபா ரோமியோக்களை நேருக்கு நேர் தோற்கடித்துக் கிடைத்த வெற்றிகள் அவை. கடைசிப் பந்தயம் பார்சிலோனாவின் பெட்ரல்பஸ் தெருக்களில். பட்டம் ஃபான்ஜியோவுக்கா அஸ்காரிக்கா என்பது அங்கேதான் முடிவாக வேண்டியிருந்தது. போல் பொசிஷனும் அஸ்காரிக்குத்தான் கிடைத்தது.

தோற்கடித்தது டயர். ஃபெராரி அன்று வழக்கத்தைவிடச் சிறிய பின் சக்கரங்களைப் போட்டுப் பார்த்தது. டயர்களின் மேல்பட்டை பிய்ந்துகொண்டே வர, ஒரு காருக்குப் பின் இன்னொரு கார் பிட்டுக்கு (தடத்தோரம் காரைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு) வந்து நின்றது. அஸ்காரி நான்காவதாக முடித்தார். ஃபான்ஜியோ 31 புள்ளி, அஸ்காரி 25.

அதே ஆண்டில் பிரிட்டனின் சில்வர்ஸ்டனில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அஸ்காரியின் கியர்பாக்ஸ் உடைந்துபோயிருந்தது. முன்னணியில் இருந்த அணித்தோழர் ஹோசே ஃப்ராய்லான் கோன்சாலஸ் பிட்டுக்கு வந்தபோது, காரை அஸ்காரிக்குத் தர முன்வந்தார். மூத்த ஓட்டுநருக்கு இளையவர் காரை விட்டுக்கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். அஸ்காரி மறுத்து, நீயே போ என்று அனுப்பினார். கோன்சாலஸ் ஜெயித்தார். உலகச் சாம்பியன்ஷிப்பில் ஃபெராரியின் முதல் வெற்றி அது. அஸ்காரி கை நீட்டியிருந்தால் அதில் அவர் பெயரும் இருந்திருக்கும். பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த ஆண்டில் இப்படி ஒரு முடிவு எடுத்தார் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம்.

1952ல எல்லா ரேஸும் ஜெயிச்சாராமே?

ஓடிய கிராண்ட் பிரி எல்லாவற்றையும் ஜெயித்தார். பெல்ஜியம், பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி என்று ஆறுக்கு ஆறு. ஆறிலும் வேகமான சுற்றும் அவருடையதே; மோன்சாவில் மட்டும் அதைக் கோன்சாலஸுடன் பகிர்ந்துகொண்டார். அந்த ஆண்டின் முதல் பந்தயமான சுவிஸ் கிராண்ட் பிரிக்கு மட்டும் அவர் வரவில்லை. ஏன் என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

இவற்றில் நூர்புர்க்ரிங் பந்தயம் தனியாகச் சொல்லத் தக்கது. முடிய மிகக் கொஞ்சமே இருக்கும்போது எண்ணெய் ஊற்ற பிட்டுக்கு வர வேண்டியதாயிற்று. முதலிடம் ஜூசெப்பே ஃபரீனாவிடம் போனது. 22 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள அந்த மலைப்பாதையில் விரட்டிப் பிடித்து, ஃபரீனாவைத் தாண்டி ஜெயித்தார்.

புள்ளிக் கணக்குல ஒரு இடத்துல 36, இன்னொரு இடத்துல 53.5ன்னு போட்டிருக்கே. எது சரி?

இரண்டும் சரி. அப்போது வெற்றிக்கு 8 புள்ளி, வேகமான சுற்றுக்கு 1 புள்ளி. ஆனால் ஒரு ஓட்டுநரின் சிறந்த நான்கு முடிவுகளை மட்டுமே பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பார்கள். 53.5 என்பது அவர் மொத்தமாகச் சேர்த்தது. 36 என்பது கணக்கில் ஏறியது. நான்கு பந்தயத்துக்கு ஒன்பது ஒன்பதாகப் போட்டால் 36. அதற்கு மேல் அந்த விதியில் யாராலும் எடுக்கவே முடியாது. 1953இல் அவர் மொத்தம் எடுத்தது 46.5, கணக்கில் ஏறியது 34.5.

இந்தக் காலத்துப் புள்ளி முறையின் விநோதம் 1954இல் இன்னும் தெரியும். சில்வர்ஸ்டனில் நேரத்தை முழு நொடிகளில்தான் அளந்தார்கள். வேகமான சுற்று ஏழு பேருக்கு ஒரே நேரமாக வந்துவிட, ஒரு புள்ளியை ஏழாக வெட்டிக் கொடுத்தார்கள். அந்த ஏழு பேரில் அஸ்காரியும் உண்டு.

சுவிஸ் ரேஸை விட்டுட்டு எங்க போனார்?

அமெரிக்காவுக்கு. 1950 முதல் 1960 வரை இண்டியானபொலிஸ் 500 பந்தயமும் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு சுற்றாகக் கணக்கிடப்பட்டது. ஐரோப்பிய அணிகள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகவில்லை. ஃபெராரி போனது, அஸ்காரியுடன். 19ஆவது இடத்திலிருந்து தொடங்கி 40 சுற்று ஓடினார்; கம்பிச் சக்கரம் உடைந்து பந்தயம் முடிந்தது. அவர் இல்லாத சுவிஸ் பந்தயத்தை அணித்தோழர் பியெரோ தருஃபி வென்றார்.

தொடர்ந்து 9 வெற்றின்னு ஒரு சாதனை இருந்ததே, அது இன்னும் அவர்கிட்டதானா?

இப்போது இல்லை. 1952 பெல்ஜியம் முதல் 1953 பெல்ஜியம் வரை, அதாவது மேலே சொன்ன ஆறுடன் அர்ஜென்டினா, நெதர்லாந்து, பெல்ஜியம் என்று மூன்றும் சேர்த்து, ஒன்பது வெற்றி. 2013இல் செபாஸ்டியன் வெட்டல் அந்த ஒன்பதை எட்டினார். 2023இல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் பத்து ஜெயித்துத் தாண்டினார். அறுபது ஆண்டுகள் ஒருவராலும் தொட முடியாமல் இருந்தது என்பதே பெரிய விஷயம்.

சிலர் ஏழுதான் என்று வாதிடுவார்கள். 1953 இண்டியானபொலிஸ் பந்தயம் நெதர்லாந்துக்கு முன்னால் நடந்தது, அஸ்காரி அதில் ஓடவில்லை, அதனால் வரிசை அங்கே அறுந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. ஓட்டுநர் கலந்துகொண்ட பந்தயங்களை மட்டும் பார்த்தால் ஒன்பது. கிராண்ட் பிரி என்று மட்டும் எடுத்தாலும் ஒன்பது. எனக்கு ஒன்பதுதான் நியாயமாகப் படுகிறது. இண்டியில் ஓடியது வேறு வகைக் கார், வேறு வகை ஓட்டுநர்கள்.

ஃபான்ஜியோ இல்லாத வருஷத்துல ஜெயிச்சது என்ன பெரிய விஷயம்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1951 முடிந்ததும் ஆல்ஃபா ரோமியோ விலகியது. எதிர்த்து நிற்க வலுவான அணி இல்லாததால், பந்தய ஏற்பாட்டாளர்கள் 1952, 1953 பந்தயங்களை இரண்டு லிட்டர் இயந்திரம் கொண்ட சிறிய கார்களுக்கான ஃபார்முலா டூ விதிகளின்படி நடத்தினார்கள். ஃபெராரியிடம் அதற்கென்றே அவுரேலியோ லாம்பிரெடி செய்த நான்கு சிலிண்டர் 'ஃபெராரி 500' தயாராக இருந்தது. ஃபான்ஜியோவோ 1952 ஜூனில் மோன்சாவில் கழுத்து முறிந்து அந்த ஆண்டு முழுவதும் படுத்துவிட்டார்.

ஆனால் அதே காரை ஃபரீனாவும் தருஃபியும் வில்லோரேசியும் ஓட்டினார்கள். ஃபரீனா 1950இன் உலகச் சாம்பியன். அவர்களை எல்லாம் ஆறு பந்தயங்களில் ஒரு தடவைகூட ஜெயிக்க விடாமல் ஓட்டியது காரின் திறமை மட்டும் ஆகாது. 1953இல் ஃபான்ஜியோ குணமாகி மாசராட்டியுடன் திரும்பி வந்தார். அப்போதும் அஸ்காரி ஐந்து பந்தயம் ஜெயித்தார், ஃபான்ஜியோ ஒன்று. அந்த ஒன்றும் மோன்சாவில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் அஸ்காரியும் ஃபரீனாவும் சிக்கலில் மாட்டியதால் கிடைத்தது. இதற்கு மேல் 1951 ஆல்ஃபா தோல்விகளும் இருக்கின்றன. ஃபான்ஜியோ பெரியவர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அஸ்காரி அவர் இல்லாததால் பெரியவர் ஆனார் என்பதைத்தான் மறுக்கிறேன்.

அவர் ஓட்டற விதம் எப்படி இருக்கும்?

அலட்டல் இல்லாத, துல்லியமான ஓட்டம். பூசினாற்போன்ற உடம்பு, நண்பர்கள் 'சிச்சோ' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். வெளிர்நீல ஹெல்மெட், நீலச் சட்டை. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல் ஒவ்வொரு சுற்றும் அதே கோட்டில் போவார். முதலிடத்தில் இருக்கும் அஸ்காரியைத் தாண்டுவது மிகக் கடினம், பின்னால் இருந்து துரத்தும்போது அவரிடம் அதே நிதானம் இருக்காது என்று என்சோ ஃபெராரி கருதினார். நூர்புர்க்ரிங் 1952ஐப் பார்த்தால் அந்தக் கருத்து முழுதாகப் பொருந்தவில்லை. ஆனால் அவருடைய பெரும்பாலான வெற்றிகள் தொடக்கத்திலேயே முன்னால் போய் அப்படியே முடித்தவைதான்.

இவ்வளவு ஜெயிச்சவர் ஃபெராரியை விட்டு ஏன் போனார்?

சம்பளப் பேச்சில் என்சோவுடன் உடன்பாடு வரவில்லை. ஜானி லான்சியா தன் நிறுவனத்துக்காகப் புதிய கிராண்ட் பிரி கார் செய்துகொண்டிருந்தார். வடிவமைப்பாளர், அப்பா அந்தோனியோவின் பி2 காரைச் செய்த அதே யானோ. 1954க்கு அஸ்காரியும் வில்லோரேசியும் லான்சியாவுக்குப் போனார்கள்.

டி50 என்ற அந்தக் கார் அற்புதமானது. வி8 இயந்திரமே சட்டத்தின் ஒரு பாகமாகச் சுமை தாங்கும். எரிபொருள் தொட்டிகள் வால்பக்கம் இல்லாமல் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் தொங்கும். ஆனால் தயாராகத் தாமதம். பட்டத்தைக் காக்க வேண்டிய ஆண்டில் சாம்பியன் இரவல் கார்களில் ஓடினார். இடையில் லான்சியா டி24 ஸ்போர்ட்ஸ் காரில் மில்லே மில்யாவைத் தனியாளாக ஓட்டி ஜெயித்தது மட்டுமே ஆறுதல். டி50 முதலில் ஓடியது அக்டோபரில், ஸ்பெயினில். போல் பொசிஷன், முன்னிலை, வேகமான சுற்று எல்லாம் கிடைத்தன. பத்தாவது சுற்றில் கிளட்ச் போனது.

மொனாக்கோவில கடலுக்குள்ள விழுந்தது இவர்தானா?

இவர்தான். 1955 மே 22. மெர்சிடிஸில் ஃபான்ஜியோ ஏற்கெனவே நின்றுவிட்டார். 80ஆவது சுற்று வாக்கில் முன்னணியில் இருந்த ஸ்டிர்லிங் மாஸின் இயந்திரமும் புகைவிட்டு நின்றது. முதலிடம் அஸ்காரிக்கு வர வேண்டிய அதே சுற்றில், துறைமுகத்துச் சிக்கேனில் (வேகத்தைக் குறைக்க வைத்த நெளிவில்) லான்சியா தடம் மாறி வைக்கோல் கட்டுகளை உடைத்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தது. சில நொடியில் நீல ஹெல்மெட் மேலே வந்தது. நீந்திப் படகில் ஏறினார். மூக்கு உடைந்திருந்தது, உடம்பெல்லாம் சிராய்ப்பு. பந்தயத்தை ஃபெராரியின் மொரிஸ் த்ரன்தின்யான் வென்றார்.

நாலு நாள்லயே மறுபடி ஏன் கார் ஓட்டினார்?

மே 26 அன்று மோன்சாவுக்கு அவர் போனது ஓட்டுவதற்கு அல்ல. இளம் நண்பர் எவுஜெனியோ கஸ்தெல்லோத்தி ஃபெராரி 750 ஸ்போர்ட்ஸ் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரில் ஒரு பந்தயம் ஓடுவதாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நானும் சில சுற்று போய் வருகிறேன் என்று டையுடன் சாதாரண உடையிலேயே ஏறி உட்கார்ந்தார். மொனாக்கோவில் அடிபட்ட அவருடைய நீல ஹெல்மெட் பழுதுபார்க்கப் போயிருந்தது. கஸ்தெல்லோத்தியின் ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

விழுந்த பயம் உடம்பில் தங்கிவிடக் கூடாது, சீக்கிரம் மறுபடி ஓட்டிவிட வேண்டும் என்று நினைத்திருப்பார் என்பது பலருடைய ஊகம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மூன்றாவது சுற்றில், வியலோனே என்ற வேகமான இடது வளைவில் கார் உருண்டது. தூக்கி எறியப்பட்ட அவர் சில நிமிடங்களில் இறந்தார்.

விபத்துக்குக் காரணம் என்னன்னு கண்டுபிடிச்சாங்களா?

உறுதியாக இல்லை. அந்த இடத்தை நேரில் பார்த்த சாட்சி கிடைக்கவில்லை. டயர் சக்கரத்துக்குப் பொருந்தாத அகலத்தில் இருந்தது, காற்றில் டை முகத்தில் அடித்தது, யாரோ தடத்தைக் குறுக்கே கடந்தார்கள், மொனாக்கோ அடியில் தலை சுற்றியது என்று பல விளக்கங்கள் உலவுகின்றன. எதற்கும் ஆதாரம் இல்லை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'இதுதான் உண்மை' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அப்பா இறந்ததுக்கும் மகன் இறந்ததுக்கும் அத்தனை ஒற்றுமைன்னு சொல்றாங்களே, எல்லாமே நிஜமா?

பாதி நிஜம். இரண்டு பேரும் 36 வயதில், மாதத்தின் 26ஆம் தேதியில், வேகமான இடது வளைவில் இறந்தார்கள். இரண்டு பேரும் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுப் போனார்கள். மொனாக்கோவில் ஆல்பெர்ட்டோவின் கார் எண்ணும் 26. அந்தோனியோ பிறந்தது 1888 செப்டம்பர் 15. நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்பா வாழ்ந்தது 13,462 நாள், மகன் 13,466 நாள். நான்கே நாள் வித்தியாசம்.

நிஜமல்லாதது, "இரண்டு பேரும் 13 கிராண்ட் பிரி ஜெயித்தார்கள்" என்பது. மகனுடைய 13 சரி. அப்பா ஜெயித்த பெரிய கிராண்ட் பிரிகள் மேலே சொன்ன இரண்டுதான். ஆல்பெர்ட்டோவுக்குச் சகுன நம்பிக்கை மிக அதிகம் என்பதும் இந்தக் கதைக்கு உரம் போட்டது. கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் வழியை மாற்றுவார். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை வைத்த பெட்டியை வேறு யாரையும் தொட விடமாட்டார். அப்படிப்பட்டவர் அன்று இன்னொருவர் ஹெல்மெட்டைப் போட்டார் என்பது எல்லோரையும் உறுத்துகிறது. ஆனால் அவர் வாழ்க்கையில் பேச வேண்டியது இந்த எண்கள் அல்ல. அப்பாவைப் பந்தயத்தில் இழந்த பையன், தன் குழந்தைகளிடம் வேண்டுமென்றே கொஞ்சம் கண்டிப்பாக இருந்தார். தன்மேல் அவர்கள் அதிகம் ஒட்டிக்கொண்டால், நாளை தான் திரும்பி வராவிட்டால் தாங்கமாட்டார்கள் என்று சொன்னதாக என்சோ ஃபெராரி எழுதியிருக்கிறார். எனக்கு மனதில் நிற்பது அதுதான்.

அவருக்கு அப்புறம் இத்தாலிக்காரங்க யாருமே சாம்பியன் ஆகலையா?

2025 சீசன் முடியும் வரை யாரும் ஆகவில்லை. மிக்கேலே அல்போரெத்தோ 1985இலும், ரிக்கார்தோ பத்ரேசே 1992இலும் இரண்டாம் இடம் வரை வந்தார்கள். மோன்சாவில் இத்தாலிய கிராண்ட் பிரியை வென்ற கடைசி இத்தாலியர் 1966இல் லுதோவிக்கோ ஸ்கார்ஃபியோத்தி. ஃபரீனா, அஸ்காரி என்று முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று பட்டம் எடுத்த நாட்டுக்கு இது நீண்ட காத்திருப்பு.

மோன்சாவில இப்ப இருக்கற அஸ்காரி வளைவு, அவர் இறந்த அதே இடமா?

ஆமாம், அந்த வியலோனே பகுதிதான். வேகத்தைக் குறைக்க 1972இல் அங்கே சிக்கேன் கட்டினார்கள். இப்போது அதன் பெயர் 'வரியாந்தே அஸ்காரி'. அவர் போன அந்த ஒற்றை வேக வளைவு இன்று அதே வடிவில் இல்லை. அவருடைய கல்லறை மிலானின் மொனுமெந்தாலே கல்லறைத் தோட்டத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

லான்சியா கார் என்ன ஆச்சு?

ஏற்கெனவே பணக் கஷ்டத்தில் இருந்த லான்சியா, அஸ்காரி இறந்ததும் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. பெல்ஜியத்தில் மட்டும் கஸ்தெல்லோத்தி கேட்டு வாங்கி ஒரு காரை ஓட்டி, போல் பொசிஷன் எடுத்தார். ஜூலை மாதம் கார்கள், உதிரிபாகங்கள் எல்லாம் ஃபெராரியின் கைக்குப் போயின. யானோவும் கூடவே போனார். 1956இல் அந்தக் காரை மாற்றியமைத்து ஃபெராரி களமிறக்கியது. அதில் உட்கார்ந்து உலகச் சாம்பியன் ஆனவர் ஃபான்ஜியோ.